தீர்மான நோட்டில் அக்காவின் கையெழுத்து

1

என் மகனின் பள்ளியிலிருந்து மன்னிப்புக் கடிதம் வந்த அதே நாளில்தான் ஊரில் என் அக்காவின் மண்டையை உடைத்தார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். இங்கேயும் கணக்கு வாத்தியார் இல்லை, அங்கேயும் கணக்கு வாத்தியார் இல்லை.

நான் நார்வேயின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். வந்து பதினோரு வருடம் ஆகிறது. வெள்ளிக்கிழமைகளில் அரைநாள்தான் வேலை. அன்றைக்கு மதியம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் போனில் கடிதம் வந்து கிடந்தது. ஏழாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு என்று ஆரம்பித்தது. கணித ஆசிரியைக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை, இரண்டு வாரம் விடுப்பு. மாற்று ஆசிரியர் திங்கட்கிழமைதான் வருகிறார். இடையில் மூன்று வகுப்புகள் நடக்காமல் போய்விட்டன. அந்த மூன்றும் வரும் வாரங்களில் ஈடுசெய்யப்படும். நேர்ந்ததற்கு வருந்துகிறோம். கடைசியில், இந்த ஏற்பாட்டில் திருப்தி இல்லையென்றால் எங்கே முறையிடலாம் என்று ஒரு முகவரியும் இருந்தது.

என் மனைவி சுமதி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "மூணு பீரியடுக்கா மன்னிப்பு? நம்மூரு ஸ்கூலா இருந்தா மூணு வருசத்துக்குல்ல கேக்கணும்" என்றாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் யாழினி கூப்பிட்டாள். அக்கா மகள், பத்தாம் வகுப்பு படிக்கிறாள். எப்போது பேசினாலும் முதலில் அங்கே பனி பெய்கிறதா என்று கேட்பாள். அன்றைக்குக் கேட்கவில்லை.

"மாமா, அம்மாவ அடிச்சிட்டாங்க மாமா. ரேஷன் கடை வாசல்ல வெச்சு. தலையெல்லாம் ரத்தம். செல்லமுத்து பெரியப்பாதான் கல்ல எடுத்து அடிச்சாரு."

"எதுக்குடி?"

"ஸ்கூலுக்குத் துரோகம் பண்ணிட்டாங்களாம்."

நான் கத்திய கத்தலில் உள் அறையிலிருந்து என் மகன் இனியன் வந்து நின்றான். பன்னிரண்டு வயது. அத்தையை அடித்துவிட்டார்கள் என்றேன். எதற்கு என்று கேட்டான். அவர்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் இல்லை, அந்தச் சண்டை என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "டீச்சர் வரலன்னா ஜாலிதானே அப்பா?" என்றான்.

என் கை தானாக மேலே போனது. அவன் பயப்படவில்லை. முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்தான். வீட்டில் யாராவது கை ஓங்கினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று இங்கே முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். நான் கையை இறக்கிக்கொண்டேன். அவன் திரும்பிப் போய்ச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டான்.

2

இந்த நாட்டில் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைப்பது மட்டும் பிள்ளையின் உரிமை அல்ல. உள்ளே போன பிள்ளைக்குப் போதுமான படிப்பு வந்து சேர வேண்டும், அதுவும் சட்டப்படி உரிமை. வரவில்லையென்றால் பெற்றோர் எழுதிப் போடலாம். மேலே இருப்பவர் காரணத்தோடு பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்த மனுவைக் கொடுப்பது இங்கே பல் டாக்டரிடம் நேரம் கேட்பது மாதிரி. யாரும் யாரையும் முறைப்பதில்லை.

எனக்கு இது புரிய ரொம்ப நாள் பிடித்தது. இனியன் இரண்டாம் வகுப்பில் வாசிக்கத் திணறினான். ஆசிரியை என்னைக் கூப்பிட்டாள். இங்கே பிள்ளைகள் ஆசிரியையை வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். என் மகன் என் முன்னாலேயே அப்படிக் கூப்பிட்டபோது எனக்கு முதுகு சில்லிட்டது. அடி விழப்போகிறது என்று பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கள் மகன் பின்தங்கியிருக்கிறான்" என்று அவள் ஆரம்பித்ததும் நான் எனக்குத் தெரிந்த அரைகுறை நார்வேஜியனில் மன்னிப்புக் கேட்டேன். அவள் பேசப் பேச மறுபடியும் கேட்டேன். மூன்றாவது முறை அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். "நீங்கள் ஏன் மன்னிப்புக் கேட்கிறீர்கள்? அவனுக்கு வாசிக்க வரவில்லையென்றால் அது எங்கள் வேலையில் குறை. நாங்கள்தான் சரிசெய்ய வேண்டும்" என்றாள். கூடுதல் வாசிப்பு வகுப்புக்கு ஒப்புதல் கேட்கும் ஒரு காகிதத்தை நீட்டினாள். நான் வாங்கிய வேகத்தில் கையெழுத்துப் போட்டேன். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு, "படித்தீர்களா?" என்று கேட்டாள்.

"நீங்கள் கொடுத்ததுதானே" என்றேன்.

அவள் வேறு ஒரு தாளை எடுத்து மடித்துக் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு, சம்மதமென்றால் மட்டும் போட்டு அனுப்பச் சொன்னாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆசிரியர் கொடுத்த காகிதத்தைப் படித்துப் பார்க்கிற குடும்பத்தில் நான் பிறக்கவில்லை.

3

எங்கள் பக்கம் செட்டிகுளம். பெரம்பலூர் மாவட்டம். அங்கே ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். இருந்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மாதத்தில் நாலு நாள் வருவார். வருகிற நாலு நாளில் மாதப் பாடத்தை முடிக்க வேண்டும் என்பதால் அடித்தே முடிப்பார். வேலிக்காத்தான் குச்சி, முள்ளைச் சீவி வைத்திருப்பார். காரணிப்படுத்து என்பார். அவர் சொல்லித் தராததை நான் எப்படிக் காரணிப்படுத்துவது? என்னைக் குனிய வைத்துத் தலையை பெஞ்சுக்கு அடியில் சொருகி முதுகில் இழுத்தார். நிமிரும்போது பெஞ்சுப் பலகையில் மண்டை இடித்தது. அதற்குத்தான் வகுப்பே சிரித்தது. கையை நீட்டச் சொல்லி அடித்த அடியில் கட்டைவிரல் நகம் பெயர்ந்து தொங்கியது.

அப்பா அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். எனக்காகக் கேட்க வந்திருக்கிறார் என்று நம்பினேன். வாத்தியார் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு மத்தத உரிச்சிடுங்க சார்" என்றார். வாத்தியார் பெருமையாகத் தலையாட்டினார். விரலில் கட்டுத்துணியோடு நான் பக்கத்தில் நின்றேன். என்னைவிட நாலு வயது மூத்த அக்கா மலர்க்கொடி, அப்பாவோடு வந்தவள், என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தாவதில் கணக்கில் தோற்றேன். அதற்காக வீட்டிலும் அடி விழுந்தது. அக்டோபரில் மறுபடி எழுதி முட்டி மோதித் தேறி, பெரம்பலூரில் ஐடிஐ படித்து, லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் ஏற்பாடு செய்த விசாவில் சார்ஜாவுக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்தேன். இன்றைக்கு எந்தக் கோணத்தில் தகடு சேர வேண்டும் என்பது என் கைக்குத் தெரியும். வாயால் சொல்லத் தெரியாது. யாழினிக்கு வீடியோவில் முக்கோணவியல் சொல்லிக் கொடுக்கப் போய் நான் தப்பாகச் சொன்னதை அவளே கண்டுபிடித்தாள். "பரவால்ல மாமா, விடுங்க" என்றாள். அந்த 'பரவால்ல' இன்னும் எரிகிறது. இனியனைச் சொல்லிக் கொடுக்கச் சொன்னேன். தமிழில் கணக்கு வராது என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான்.

4

அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் செந்துறைக்குப் பக்கம். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன், பள்ளி வழக்கில் இருக்கிறது. மச்சான் திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை. அக்கா ஊரில் மகளிர் குழுத் தலைவி. ஐந்தாவதுவரைதான் படித்தவள். ஆனால் குழுவுக்கு வருகிற எந்தப் படிவத்தையும் விரலால் வரிவரியாகத் தடவி வாய்விட்டுப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாள். பேங்க் ஆட்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இவள் பாட்டுக்குப் படிப்பாள். ஊரில் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள்.

அந்த ஊரின் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக உயர்த்தினார்கள். சால்வை, மைக் செட், கேசரி எல்லாம் வந்தது. கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் வரவில்லை. இருந்த கணக்கு ஆசிரியையும் மாறுதலில் போய்விட்டார். ஆறு முதல் பத்துவரை ஐந்து வகுப்புக்கும் கணக்கு பீரியட் என்றால் தமிழ் வாத்தியாரான தலைமையாசிரியர் வந்து உட்கார்ந்து, "சத்தம் போடாம எதாவது எழுதுங்க" என்பார். அறிவியலுக்கு மட்டும் ஆறு மாதம் கழித்து ஓர் ஆள் வந்தார். யாழினி கணக்கில் வாங்கிய மார்க்குகள் பதினொன்று, ஒன்பது, பதினான்கு. மார்ச் கடைசியில் அரசுத் தேர்வு. தோற்றால் அடுத்த மாதமே கல்யாணம் பேசுவதற்கு மச்சானின் சொந்தத்தில் ஆள் தயாராக இருக்கிறது. அக்காவுக்கு உயிர் போகிற பிரச்சினை இதுதான்.

நான் அந்தப் பள்ளிக்கு நாற்காலிகள் வாங்கிக் கொடுத்திருந்ததால் ஊர் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். அங்கே நான் பெரிய மனுசன். இங்கே கற்றுக்கொண்டதையெல்லாம் அங்கே குரல் செய்தியாக அனுப்பினேன். "பிச்சை கேக்காதீங்க, உரிமைய கேளுங்க. ஒரு நாளு ரோட்டுல ஒக்காருங்க, தன்னால வாத்தியார் வருவாரு." கப்பல் தளத்தின் சாப்பாட்டு அறையில் சூடான காபியைக் குடித்துக்கொண்டே பேசியது. நாற்பத்து மூன்று பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

5

ஆகஸ்ட்டில் ஒரு காலை அரியலூர் சாலையில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் சீருடையோடு முன்னால், பெண்கள் நடுவில், ஆண்கள் பின்னால். சுண்ணாம்புக்கல் லாரிகள் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. ஒரு டிரைவர் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டே பிள்ளைகளை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்த்தினான். யாரோ அவன் கண்ணாடியை உடைத்தார்கள். அதற்காகவே காத்திருந்ததைப் போல போலீஸ் இறங்கியது.

அந்த வீடியோ என்னிடம் இருக்கிறது. ஒரு தாத்தாவின் கால் முட்டியில் தடி விழுகிற சத்தம் அதில் தனியாகக் கேட்கும். பிள்ளைகளின் புத்தகப் பைகள் பூட்ஸ் காலில் உருண்டன. செல்லமுத்து மச்சான், அக்கா புருசனின் பெரியப்பா மகன், தன் மகன்மேல் விழ வந்த அடியைக் கையை நீட்டித் தடுத்தார். அவர் மகனும் யாழினி வகுப்புதான். மணிக்கட்டு எலும்பு இரண்டாக முறிந்தது. கல் உடைக்கிற கை. இனி சுத்தியல் தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பெண்களை வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். மணவறையில் முந்தைய முகூர்த்தத்தின் மாலைகள் வாடித் தொங்க, அக்கா பொழுது சாயும்வரை அங்கே இருந்தாள். தக்காளி சாதப் பொட்டலம் கொடுத்தார்கள், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். சாயங்காலம் பெயரும் ஊரும் எழுதிக்கொண்டு வெளியே விட்டார்கள்.

அந்த நாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செல்லமுத்து மச்சான் வைத்துக்கொண்டிருந்தார்.

6

சாலையில் உட்கார்ந்து வாத்தியார் வரவில்லை. வழக்குத்தான் வந்தது, கண்ணாடி உடைத்ததற்கு. அதன்பிறகு அக்காவே முதல் மனுதாரராக உயர் நீதிமன்றத்துக்குப் போனாள். வக்கீல் ஜெயங்கொண்டத்துப் பெண், சென்னையில் இருக்கிறாள். மகளிர் குழு வழியாகப் பழக்கம். என்னிடம் போனில் சட்டத்தை உடைத்துச் சொன்னாள்.

"அரசியலமைப்புல இருவத்தொண்ணு ஏ இருக்குண்ணே. ஆறு வயசுலேருந்து பதினாலு வயசு வரைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி. யாழினிக்குப் பதினஞ்சு முடிஞ்சிடுச்சு. சட்டத்தோட பார்வையில அவளுக்கு உரிமை முடிஞ்சு போச்சு."

"பத்தாவது பரீட்சையே பதினஞ்சுலதானேம்மா வருது?"

"அதத்தான் நானும் கேக்கப் போறேன். ஆறு ஏழு எட்டுக்குக் கணக்கு டீச்சர் இருந்தே ஆவணும்னு சட்டத்துல இருக்கு. அந்த வாசல்ல நொழஞ்சு ஒம்பது பத்தையும் உள்ள இழுக்கணும். இங்க பள்ளிக்கூடம்னு கட்டடம் இருக்கு, ரிஜிஸ்டர்ல பேரு இருக்கு, மத்தியானம் சோறு இருக்கு. உள்ள படிப்பு நடக்குதான்னு கேட்டா மட்டும், பரிசீலனையில இருக்கும்பாங்க. போதுமான படிப்பு வந்து சேர்றதே உரிமைதான், வரலன்னா கோர்ட்டு அரசாங்கத்தக் கூண்டுல ஏத்தலாம்னு ஒரு தீர்ப்பு வாங்கணும்ணே. ஒங்கக்காவுக்கு அந்தத் தெம்பு இருக்கு."

அக்காவுக்கு இருந்தது. நவம்பரில் அரசாங்கத்தின் பதில் மனு வந்தது. அதோடு ஒரு நகலை இணைத்திருந்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நோட்டில் ஒரு பக்கம். பெற்றோர்களைக் கொண்டு மாதாமாதம் நடத்த வேண்டிய கூட்டம் அது. தலைவர் ஒரு தாயாக இருக்க வேண்டும். எங்கள் அக்காதான் தலைவர்.

'கணிதப் பாடம் மாற்று ஏற்பாட்டின் மூலம் நிறைவாக நடத்தப்பட்டு வருகிறது. பெற்றோர்கள் மனநிறைவு தெரிவித்தனர்.' கீழே குண்டு குண்டான எழுத்தில் மலர்க்கொடி என்று கையெழுத்து. மேலே தேதி. போலீஸ் அடித்த அதே தேதி.

மனுதாரரே மனநிறைவு தெரிவித்திருக்கிறாரே என்று நீதிபதி கேட்டாராம். விளக்கம் தாக்கல் செய்ய மூன்று வாரம் கொடுத்திருக்கிறார்கள். விளக்கம் நிற்கவில்லையென்றால் மனு தள்ளுபடி. பொய் சொன்னதற்கு அபராதமும் வரலாம் என்றாள் வக்கீல்.

7

நகல் ஊருக்கு வந்த மறுநாள் ரேஷன் கடையில் கூட்டம். அக்கா பையோடு வரிசையில் நின்றாள். செல்லமுத்து மச்சான் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். யாழினி பக்கத்தில் இருந்து பார்த்தது இது.

"என் கை ஒடஞ்ச அன்னிக்கு நீ எங்கடி போன? மண்டபத்துலேருந்து நேரா எட்மாஸ்டர் வூட்டுக்குப் போயி மனநிறைவுன்னு எழுதிக் குடுத்தியா?"

"மாமா, நான் எழுதல. ஜூன் மாசமே வெத்துத் தாள்ல வாங்கிட்டாரு."

"நீயா? வெத்துத் தாள்லயா? பேங்க்காரன நிக்க வெச்சுப் படிக்கிறவடி நீ!"

சொன்னது சரிதான். அக்கா படிக்காமல் கையெழுத்துப் போடுவாள் என்று அந்த ஊரில் ஒரு ஈ, காக்காகூட நம்பாது. பெண்கள் அக்காவின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார்கள். சேலையைப் பிடித்து வரிசைக்கு வெளியே இழுத்தார்கள். சர்க்கரைப் பொட்டலம் உடைந்து சிதறியது. அவள் குழுவில் அவளோடு பாய் போட்டு உட்காருகிறவர்கள்தான் மிதித்தார்கள். செல்லமுத்து மச்சான் நல்ல கையால் கல்லை எடுத்தார். வலது கையாக இருந்திருந்தால் அக்கா செத்திருப்பாள். இடது கை என்பதால் எட்டுத் தையலோடு போயிற்று.

அரியலூர் பெரியாஸ்பத்திரியில் போலீஸ் வந்து கேட்டபோது, படியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். போனில் நான் கெட்ட வார்த்தையில் கத்தினேன். செல்லமுத்துவை வெட்டுவேன் என்றேன். ஆயிரக்கணக்கான மைலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு யாரையும் வெட்டலாம்.

"கத்தாதடா. அவரு மேல கேஸ் போட்டா அந்தப் பையன் பரீட்ச எழுதுவானா? அவனும் கணக்குல பூஜ்யம்தான்" என்றாள் அக்கா. "அவரு கை போனதுக்கு என் மண்ட. போவட்டும் வுடு."

அந்த வாரம் தளத்தில் இரண்டு தகடுகளைத் தப்பாக ஒட்டினேன். ஃபோர்மேன் கேட்டபோது சுத்தியலைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். அவர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

8

இதுவரை நான் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரம், அக்கா பள்ளி வராந்தாவிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். "தம்பி, எட்மாஸ்டர் தீர்மான நோட்ட நீட்டுறாரு. ஆறு மாசத்துக்கு வெத்துப் பக்கமா இருக்கு. கூட்டம் போட்டா யாரும் வர மாட்றாங்க, நூறு நாள் வேலைக்குப் போயிடுறாங்க, அதனால மொத்தமா போட்டுக் குடும்மா, நான் எழுதிக்கிறேங்குறாரு. எனக்கு மனசே வரல. போடவாடா?"

நான் அப்போது கடையில் நின்றிருந்தேன். இனியனுக்கு மழைச்சட்டை பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நாட்டில் ஆசிரியை என் கையிலிருந்து காகிதத்தைப் பிடுங்கி, படித்துவிட்டுப் போடு என்று சொன்னதை அனுபவித்தவன் நான். உரிமையைப் பற்றி ஊருக்கே குரல் செய்தி அனுப்புகிறவன். அப்படிப்பட்ட நான் சொன்னது இது:

"போட்டுக் குடுக்கா. வாத்தியாரப் பகைச்சிக்கிட்டு ஊர்ல இருக்க முடியுமா? யாழினிக்கு அவருதான மார்க்குப் போடணும்?"

அவள் போட்டாள். வாழ்க்கையில் முதல் முறையாகப் படிக்காமல், படிக்க எதுவுமே இல்லாத தாளில், நான் சொன்னதற்காகப் போட்டாள். தலைமையாசிரியரைக்கூட என்னால் முழுதாகத் திட்ட முடியவில்லை. கணக்கு ஆசிரியர் இல்லை என்று எழுதினால் அவரைத்தான் மேலே கூப்பிட்டுக் கேட்பார்கள். அவருக்கும் அவர் பயம். மாத வரிசைப்படி தேதி போட்டு எழுதிக்கொண்டே வந்தவருக்கு அந்தத் தேதியில் மண்டபத்தில் யார் இருந்தார்கள் என்பது ஞாபகத்தில் இல்லை.

கீழே தள்ளி மிதித்தபோதும், கல் விழுந்தபோதும் அக்கா என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். தம்பி பேச்சை மட்டும் தட்டமாட்டாள் என்பதும் ஊருக்குத் தெரிந்ததுதான். இரண்டு வாரம் நானும் வாயைத் திறக்கவில்லை. குழுவில் என்மேல் இருந்த மரியாதை போய்விடுமே என்று பயந்தேன். இதை எழுதக் கேவலமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. கும்பிடு போட்ட நாற்பத்து மூன்று பேரையும், தையல் போட்ட அக்காவின் தலையையும் தராசில் வைத்து இரண்டு வாரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை வக்கீல் கூப்பிட்டாள். மண்டபத்தில் பெயர் எழுதிய போலீஸ் பட்டியலைக் கேட்டு மனுப் போட்டிருக்கிறாள். ஆனால் ஜூனிலேயே வெற்றுத் தாளில் வாங்கினார்கள் என்பதற்கு ஒரு ஆள் சாட்சி வேண்டும். "அக்கா யாருகிட்டயாவது அன்னிக்கே சொன்னாங்களான்னு கேட்டேன். வாயத் தொறக்க மாட்றாங்கண்ணே" என்றாள்.

"எங்கிட்ட சொன்னாம்மா" என்றேன்.

அது எந்தத் தேதி என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு, "நேர்ல வந்து பிரமாணப் பத்திரம் குடுக்கணும்ணே" என்று மட்டும் சொன்னாள்.

போனை வைத்ததும் ஊர்க் குழுவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே எழுதுகிறேன்.

"நான் மலர்க்கொடி தம்பி பேசுறேன். வெத்துத் தாள்ல கையெழுத்துப் போடச் சொன்னது நான்தான். ஜூன் மாசம் போன் பண்ணிக் கேட்டா, நான்தான் போடுன்னு சொன்னேன். ஒங்கள ரோட்டுல ஒக்காரச் சொன்னவனும் நான்தான். செல்லமுத்து மச்சான் கை ஒடஞ்சதும் எங்கக்கா மண்ட ஒடஞ்சதும் என்னாலதான். வியாழக்கிழமை கெளம்பி வரேன். அடிக்கிறதுன்னா என்ன அடிங்க. ஆனா ஊருக்குள்ள வெச்சு அடிக்காதீங்க. அரியலூர் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல வெச்சு அடிங்க. எதுக்குய்யா இந்தாள அடிக்கிறீங்கன்னு யாராவது கேப்பாங்கல்ல? அப்ப சொல்லுங்க, எங்க புள்ளைங்களுக்குக் கணக்கு டீச்சர் இல்லன்னு."

யாரும் கும்பிடு போடவில்லை. எல்லோரும் கேட்டுவிட்டார்கள் என்று மட்டும் போன் காட்டியது. மறுநாள் காலை செல்லமுத்து மச்சானிடமிருந்து நாலே நொடியில் ஒரு குரல் வந்தது. "வா மாப்ள" என்றார். கூப்பிடுகிறாரா, மிரட்டுகிறாரா என்று சுமதியும் நானும் பத்து முறை போட்டுக் கேட்டோம். தெரியவில்லை. சுமதி போக வேண்டாம் என்று அழுதாள். இனியன் அடிப்பார்களா என்று கேட்டான். அடிக்கலாம் என்றேன். போலீஸிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதானே என்றான். அவனுக்கு அந்த ஊரை எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அடிபட்ட பிறகு வந்து சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். தலையில் தையல் பிரித்த இடத்தில் முடி இல்லை. என்னைத் திட்டுவாள், வராதே என்று அழுவாள் என்று காத்திருந்தேன்.

"டேய், கலெக்டர் ஆபீஸ் வாசல்னா ஒரு அடி வுழறதுக்குள்ள போலீஸ் வந்து புடிச்சிக்கும்டா. நம்ம ஸ்கூல்லயே வெச்சுக்கச் சொல்லு. அதும் பத்தாவது கிளாஸ்ல, கணக்கு பீரியட்ல. வந்து என்னன்னு கேக்க அங்க ஒரு வாத்தியாரும் இருக்க மாட்டாங்க."

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் யாழினி புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவளும் சிரிக்கவில்லை.